சுரங்கம் ஒன்று, உற்பத்தி பூஜ்ஜியம் டன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் நான் எந்தச் சுரங்கமும் தோண்டவில்லை. கடப்பாரையைக் கையில் பிடித்துக்கூட எனக்குப் பழக்கமில்லை. இதை எழுத்து மூலமாக நான்கு முறையும் வாய் வார்த்தையாகக் கணக்கில்லாமலும் சொல்லியாகிவிட்டது. உங்களிடம் இன்னொரு முறை சொல்வதில் எனக்கு அலுப்பு இல்லை. இருந்த அலுப்பு முழுவதும் போன வருடமே செலவாகிவிட்டது.

என் பெயர் அம்சவேணி. கொல்லிமலையில் ஊர்க் கூட்டத்தை நாடு என்போம்; அதில் அரியூர் நாட்டில் ஒன்பது வருடமாக கம்ப்யூட்டர் மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், பிறப்புச் சான்று என்று மலையில் எவருக்கு என்ன காகிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் எழுபது வளைவு இறங்கிக் கீழே போக வேண்டும். மையத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ். மூன்றாவது, பெங்களூர் கம்பெனி ஒன்று தானமாகக் கொடுத்த மேக் லேப்டாப். ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும்.

இங்கிருந்து அனுப்பும் விண்ணப்பங்கள் வழியில் யார் கண்ணிலும் படாமல் சென்னை போய்ச் சேர, இணையத்துக்குள்ளேயே ஒரு மறைவான வழி போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு டனல் என்று பேர். மண்ணும் கிடையாது, கல்லும் கிடையாது. காலையில் வந்து ஒரு பட்டனை அழுத்தினால் வழி திறக்கும். திறந்ததும் அந்தந்த கம்ப்யூட்டர் தன் பங்குக்கு அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை டன்0 என்று சொல்லும். மேக் யூடன்4 என்று சொல்லும்; மறுநாள் யூடன்5 என்று சொன்னாலும் சொல்லும், அதன் இஷ்டம். விண்டோஸ் ஈதர்நெட் 2 என்று சொல்லும். இந்தப் பெயர்களை ஒன்பது வருடத்தில் ஒரு மனிதரும் படித்ததில்லை. நானே படித்ததில்லை.

போன ஏப்ரல் மாதம் காளியண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருப்புலி நாட்டுக்காரர். மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் மிளகும் போட்டிருக்கிறார். மகள் அருணாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பிரசவத்துக்குக் கீழே கொண்டுபோகும்போது வழியிலேயே ஜீப்பில் பிறந்த பிள்ளை. பிறப்பைப் பதிந்திருந்தார்கள், பெயருக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருந்தார்கள். பேளுக்குறிச்சிப் பக்கம் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் இடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் பத்தாம் தேதிக்குள் பெயர் போட்ட பிறப்புச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு.

"அந்தக் கோட்டு மேல அருணான்னு எழுதோணுங்கக்கா, அவ்வளவுதான்" என்றார் காளியண்ணன்.

"பத்து நாள்ல வந்துருமுங்க" என்றேன். ஒன்பது வருட அனுபவத்தில் சொன்னது. மறுநாள் அவருடைய விண்ணப்பத்தை நான் அனுப்ப உட்கார்ந்தபோது சுற்றறிக்கை வந்து நின்றது; அதன் பிறகு வழி திறந்தாலும் விண்ணப்பம் எதுவும் போகவில்லை.

அனுப்பியவர்கள் மாநில மின்வழிப் பெயர் ஒழுங்காணையம். அப்படி ஒரு ஆணையம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். "ஒரே சுரங்கம் மூன்று கணினிகளில் மூன்று பெயர்களில் உலவி வருவது ஆணையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இது நிர்வாகத்துக்கு அழகன்று. இனி மாநிலம் முழுவதும் ஒரு சுரங்கத்துக்கு ஒரே பெயர். தற்போதைய பெயர்களை இணைப்புப் படிவத்தில் உடனே தெரிவிக்கவும்" என்று எழுதியிருந்தது. டனல் என்பதைச் சுரங்கப்பாதை என்று போட்டிருக்கலாம். படிவத்தின் கட்டத்தில் 'பாதை'க்கு இடம் போதவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நான் நிரப்பினேன். சுரங்கம் அமைந்துள்ள இடம்: அரியூர் நாடு. சுரங்கம் இயங்குகிறதா: ஆம். எத்தனை ஆண்டுகளாக: ஒன்பது. பெயர்: டன்0, யூடன்4, ஈதர்நெட் 2. அனுமதி அளித்த அதிகாரி: தெரியாது. உண்மையைத்தான் எழுதினேன். அதுதான் நான் செய்த தவறு.

படிவத்தின் நகல் எப்படியோ கனிமத் துறைக்குப் போய், மே ஐந்தாம் தேதி ஒரு ஜீப் வந்து நின்றது. கனிமத் தோண்டல் தடுப்புப் பிரிவின் உதவி அலுவலர் அர்த்தனாரி இறங்கினார். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் ஐம்பது மீட்டர் டேப். கூட வந்த இரண்டு பேரிடம் மண்வெட்டி இருந்தது. அன்றைக்குத் தன் விண்ணப்பம் என்னாயிற்று என்று கேட்க வந்திருந்த காளியண்ணன் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

"சுரங்கம் எங்கே?" என்றார் அர்த்தனாரி.

"உள்ள இருக்குதுங்க சார்."

"எதற்குள்ளே?"

"கம்ப்யூட்டருக்குள்ளங்க."

அவர் குறிப்பேட்டில் 'இடத்தைக் காட்ட மறுக்கிறார்' என்று எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன்.

"ஒன்பது வருடமாக நடத்துகிறீர்கள். உற்பத்தி பூஜ்ஜியம் டன் என்று காட்டியிருக்கிறீர்கள். ஒன்றுமே எடுக்காமல் ஒன்பது வருடம் யாராவது சுரங்கம் நடத்துவார்களா?"

"அது உற்பத்தி இல்லீங்க சார், பேரு. டன் சைபர்ங்கறது அதுக்குப் பேரு."

"டன் என்பது எடை, அம்மா. இருபத்தாறு வருடமாக நான் டன்னோடுதான் குடும்பம் நடத்துகிறேன்" என்றவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அடுத்தது என்ன? யூ டன் நான்கு. இந்த 'யூ' எதைக் குறிக்கிறது?"

"தெரியலீங்க சார். அந்த லேப்டாப்பு அப்பிடித்தான் சொல்லும்."

"எனக்குத் தெரியும். நான் வேதியியல் படித்தவன். 'யூ' என்பது யுரேனியத்தின் குறியீடு."

மண்வெட்டிக்காரர்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். காளியண்ணன் என் காதருகே குனிந்து, "அது கிலோ என்ன வெலைக்குங்கக்கா போவுது?" என்று கேட்டார். அர்த்தனாரி அதையும் எழுதிக்கொண்டார்.

மேசைக்கு அடியில் டேப்பை விட்டு அளந்தார்கள். கிடைத்தது ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழமும் ஒரு செருப்பும். மறுநாள் காலை சரிபார்க்க மறுபடி வந்தபோது மேக் தன் வழக்கப்படி யூடன்5 என்று காட்டியது. அர்த்தனாரி திரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நேற்று நான்கு. இன்று ஐந்து. ஒரே ராத்திரியில் ஒரு டன்னா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, கொஞ்சம் மரியாதைதான் இருந்தது.

மையத்துக்குச் சீல் வைத்தார்கள். அவருடைய அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. 'சுரங்கத்தின் வாய், குழி, மண் குவியல் எதுவும் தென்படவில்லை. இவ்வளவு திறமையாக மறைக்கப்பட்ட சுரங்கத்தை என் பணிக்காலத்தில் கண்டதில்லை' என்று முடித்திருந்தார்.

பூட்டிய கதவுக்கு வெளியே பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினோரு நாளில் என்னிடம் சான்று கேட்டு வந்தவர்களைவிடச் சுரங்கத்தில் வேலை கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். மலையைக் குடைய விடமாட்டோம் என்று சண்டைக்கு வந்தவர்கள் தனி. சில பேர் காலையில் சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் வேலை கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

சீலை உடைக்கவைத்தது ஆணையம்தான். ஆணையத்தின் தலைவர் முனைவர் முருகானந்தம் தோண்டல் தடுப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுரங்கம் இல்லை என்று எழுதியிருப்பார் என்று நினைக்காதீர்கள். 'மேற்படி சுரங்கம் எங்கள் ஆணையத்தின் எல்லைக்குட்பட்டது. அதில் தலையிட உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று எழுதியிருந்தார். அதன் பிறகு கதவு திறந்தது. எந்தக் காரணத்தால் திறந்தால் என்ன என்று நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஆனால் வழி திறக்கவில்லை. புதுப் பெயர் சூட்டும் வரை விண்ணப்பம் எதுவும் போகாது என்று திரை சொன்னது. பெயர் சூட்டு விழா மே இருபத்தெட்டு. முன்மாதிரிச் சுரங்கமாக எங்களுடையதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அவ்வளவு பிரபலமாகிவிட்டது.

அன்று வாசலில் வாழைமரம் கட்டினார்கள். தலைவர் எழுபது வளைவு ஏறி வந்ததில் முகம் வெளுத்து, பத்து நிமிடம் காருக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆணையத்துக்காரர்கள் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார்கள். வழி திறக்கும்போதெல்லாம் சுரங்கத்தின் பெயரை அது உரக்கச் சொல்லுமாம். எதற்கு என்று கேட்டேன். "பெயர் வைத்தால் கூப்பிட வேண்டாமா?" என்றார் மாட்டியவர்.

தலைவர் பேசினார்.

"இந்த ஆணையம் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. முதலாண்டு, ஆணையத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று விவாதித்தோம். இரண்டாம் ஆண்டு, அந்தப் பெயரைப் பலகையில் எழுதினோம். இன்று மூன்றாம் ஆண்டில் களத்தில் இறங்கியிருக்கிறோம். இந்தச் சுரங்கம் எதற்குப் பயன்படுகிறது என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பயன்பாடு வேறு துறையின் பொறுப்பு. அது இயங்கலாம், இயங்காமல் போகலாம். ஆனால் இயங்காத நேரத்திலும் அதற்குப் பெயர் இருக்க வேண்டும். அதுவே எங்கள் லட்சியம்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தேநீர் அதற்குப் பிறகுதான் என்று தெரிந்ததால்.

கூட்டத்தில் இலியாஸ் இருந்தான். பேளுக்குறிச்சிப் பையன், அவன் அத்தாவுக்கு அங்கே எலெக்ட்ரிகல் கடை. மலையில் எந்த மையத்தில் இணைப்பு போனாலும் பைக்கில் வந்து சரிசெய்பவன் அவன்தான். அவன் எழுந்து நின்று, "சார், மூணு கம்ப்யூட்டரும் ஒத்துக்கற பேரு ஒண்ணுதாங்க இருக்குது" என்றான். "மேக்ல யூடன்னு இங்கிலீஷ்ல போட்டு நம்பர் போட்டாத்தான் வாங்கும். வேற பேரு வாங்காது. லினக்ஸ்ல பேருக்கு மொத்தமே பதினஞ்சு இடம். விண்டோஸ்ல என்ன வேணா வெக்கலாம். அதனால யூடன்7னு வெச்சா மூணுலயும் நிக்குமுங்க. ரெண்டு நிமிச வேலை."

தலைவர் அவனைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, ஒரு கணினி சொல்கிறபடி ஆணையம் கேட்பதா, ஆணையம் சொல்கிறபடி கணினி கேட்பதா? இந்த மண்ணின் பெயர்தான் வைக்க வேண்டும். கொல்லிமலை! வைத்துவிட்டேன்."

"சார், தமிழ்ல ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு இடம் புடிக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாத்துக்கும் தனித்தனியா மூணு. பதினஞ்சு இடத்துல அஞ்சுதான் நிக்கும். உங்க சாப்ட்வேர் மிச்சத்த வெட்டீருமுங்க."

"வெட்டட்டும். பெயரின் உணர்வு போகாது" என்று சொல்லித் தலைவர் பட்டனை அழுத்தினார்.

க, அதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, ல, புள்ளி, ல. ஐந்தோடு நின்றுவிட்டது. சுவரில் இருந்த பெட்டி தெளிவான பெண் குரலில் சொன்னது: "கொல்ல. தயார்."

முதல் வரிசைக்காரர்கள் மட்டும் கை தட்டினார்கள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மையத்தில் காகிதம் நிலுவையில் இருந்த எல்லாருடைய கைபேசிக்கும் ஆணையமே ஒரு செய்தி அனுப்பியது. 'உங்களை' என்று ஆரம்பித்து, நடுவில் சுரங்கத்தின் பெயரை வைத்து, 'இணைப்பு அழைக்கிறது, நேரில் வரவும்' என்று முடியும் செய்தி. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனது: 'உங்களை கொல்ல இணைப்பு அழைக்கிறது, நேரில் வரவும்.'

பதினான்கு பேர் போலீசுக்குப் போனார்கள். சின்னராசு என்று ஒரு பெரியவர் மட்டும் மறுநாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்துவிட்டார். "மெசேஜ் வந்துச்சுங்க. எத்தன மணிக்குங்க?" என்றார். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மனிதரை எத்தனை முறை வரச்சொல்லி, எத்தனை முறை திருப்பி அனுப்பியிருந்தால் இதற்கும் நகலோடு வந்து நிற்பார் என்றுதான் தோன்றியது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு விண்ணப்பமும் போவதற்கு முன்பே, ஜூன் இரண்டாம் தேதி ஆணையம் அந்தப் பெயரைத் திரும்பப் பெற்று வழியை மறுபடி பூட்டியது. ஐந்தாம் தேதி அடுத்த சுற்றறிக்கை: 'இடைவிடாத ஆய்வின் பயனாக, மூன்று கணினிகளும் ஏற்கும் ஒரே பெயரை ஆணையம் கண்டுபிடித்துள்ளது. யூடன்7.' இலியாஸ் அதை இரண்டு முறை படித்தான். எழுந்து போய் வெளியே வெகுநேரம் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சுற்றறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பெயர் உறுதியாகும் வரை பூட்டப்பட்ட வழியில் வேறு விண்ணப்பம் எதுவும் செல்லாது. சுரங்கத்துக்கான 'பெயர் சேர்ப்பு விண்ணப்பம்' மட்டும் செல்லலாம், அதுவும் சுரங்கம் வழியாகவே வர வேண்டும்.

எட்டாம் தேதி காளியண்ணன் வந்தார். கூட அருணா. இது அவர்கள் வந்த ஏழாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் காட்டு வேலை போகிறது. பிள்ளை எப்போதும்போல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, புதுப் பையை மாட்டிக்கொண்டு. அந்தப் பையை ஏப்ரலில் இருந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

"இன்னும் ரெண்டு நாளுதானுங்கக்கா இருக்குது. கீழ போய் ஸ்கூல்ல கேட்டுப் பாத்தேன். பேரில்லாத புள்ளைய எப்பிடி எழுதறதுன்னு கேக்கறாங்க. அவங்க சொல்றதும் நாயந்தானுங்க" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நான் திரையைப் பார்த்தேன். அருணாவின் விண்ணப்பத்தின் தலைப்பைப் பார்த்தேன். பிறப்புப் பதிவில் பெயர் சேர்ப்பு விண்ணப்பம்.

"இலியாசு, இதுவும் பெயர் சேர்ப்பு விண்ணப்பந்தானப்பா?" என்றேன், லினக்ஸைச் சரிபார்க்க வந்திருந்தவனிடம்.

அவன் எட்டிப் பார்த்தான். "அக்கா, தலைப்புல 'பெயர் சேர்ப்பு'ன்னு இருந்தா கதவு தொறக்கும். அது யாரோட பேருன்னு பாக்கற அளவுக்கு அதுக்குப் புத்தி இல்ல. அனுப்புங்க!"

ஒன்பது வருடத்தில் நான் செய்த ஒரே தந்திரம் அது. சுரங்கத்துக்கு யூடன்7 என்று ஒரு விண்ணப்பம். குழந்தைக்கு அருணா என்று ஒரு விண்ணப்பம். இரண்டையும் அடுத்தடுத்து அனுப்பினேன். இரண்டும் போயின; வரிசையில் வேறு விண்ணப்பம் இல்லாததால் பத்தாம் தேதியே சான்று வரும் என்று திரை சொன்னது. காளியண்ணன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டை ஜடை போட்டு விட்டிருந்தாள் அம்மா அத்தாயி. இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் பள்ளிக்கூடம் மூடுவதற்குள் போய்விடலாம். ஒன்பதேகாலுக்கு நான் பட்டனை அழுத்தினேன். சுவரில் இருந்த பெட்டி கரகரத்தது.

"அருணா. இணைக்கப்பட்டது."

கதவருகே நின்ற பிள்ளை சட்டென்று திரும்பி, "ஏனுங்கத்தை, கூப்புட்டீங்களா?" என்றது.

காளியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "பேரு வந்துருச்சுங்களா! மைக்குலயே சொல்றாங்களே!" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். இலியாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் லினக்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டன்0 இருந்த இடத்தில் அருணா என்று இருந்தது. ஐந்தே ஐந்து, பதினைந்து இடம், அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்திருந்தது. விண்டோஸிலும் அருணா. மேக் மட்டும் வழக்கம்போல யூடன்5 என்று சொன்னது.

நான் சான்றை அச்சடித்தேன். பிறந்த தேதி சரி. தந்தை பெயர் காளியண்ணன், தாய் பெயர் அத்தாயி, சரி. குழந்தையின் பெயர்: யூடன்7. பாலினம்: பெண்.

காளியண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னங்கக்கா, ஏழுன்னு போட்டிருக்குது? எங்களுக்கு இது மொதப் புள்ளைங்க" என்றார் காளியண்ணன்.

திருத்த விண்ணப்பம் போட்டேன். அருணா என்று அடித்தேன். 'இந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. வேறு பெயரை முயலவும்' என்றது திரை. சரி, முதலில் சுரங்கத்தின் பெயரை மாற்றிவிடலாம் என்று யூடன்7 என்று அடித்தேன். அதுவும் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தது. பத்தரை மணி. ஆணையத்தின் தலைவருக்கே போன் செய்தேன். எடுத்தார், பொறுமையாகக் கேட்டார், அதில் குறை சொல்ல முடியாது.

"இரண்டு பெயர் கேட்டீர்கள், இரண்டு பெயர் வந்திருக்கிறது. இதில் குறை எங்கே?"

"மாறிப் போயிருச்சுங்க சார். புள்ளையோட பேரு சுரங்கத்துக்கு வந்துருச்சு. சுரங்கத்தோட பேரு புள்ளைக்குப் போயிருச்சு."

"பாருங்கள் அம்மா, அந்தப் பெயர் நல்ல தமிழ் எழுத்தில், பதினைந்து இடத்தில் அட்டகாசமாகப் பொருந்துகிறது. இதற்காக நாங்கள் எவ்வளவு நாள் தேடியிருக்கிறோம் தெரியுமா? அமைச்சகத்துக்கும் தகவல் போய்விட்டது. சுரங்கத்தின் பெயரை அடிக்கடி மாற்றினால் குழப்பம் வரும். குழந்தை அப்படி இல்லை. வளரும், பழகிக்கொள்ளும். கணினியால் பழகிக்கொள்ள முடியுமா?"

"சார், அது அஞ்சு வயசுப் புள்ளைங்க சார்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். வயது இருக்கிறது. மேல்முறையீடு செய்யுங்கள். ஓராண்டில் பரிசீலிப்போம். இன்றைய தேதியில் எங்கள் பதிவேட்டில் பெயரில்லாதவர் எவரும் இல்லை. நிலுவை பூஜ்ஜியம்." வைத்துவிட்டார்.

நான் காளியண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தந்திரம் செய்தது நான்தான், இரண்டையும் ஒன்றாக அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். அழுகை வந்தது. அவர் சான்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேரோட போனா சேத்துக்குவாங்களாங்கக்கா?"

"சான்றுல என்ன பேரு இருக்குதோ அதோட சேத்துக்குவாங்க."

"பேரில்லைன்னா சேத்துக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

அவர் சான்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஊட்டுல நாங்க அருணான்னுதானுங்க கூப்புடுவோம். அத யாரு என்ன பண்ணமுடியும்?" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். இலியாஸ் பெட்டியின் வயரைப் பிடுங்கப் போனான். அது ஆணையத்தின் சொத்து, பிடுங்கினால் மறுபடி சீல் வைப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன்.

பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். சான்று சரியாக இருந்தது, முத்திரை சரியாக இருந்தது. தலைமை ஆசிரியை பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, ஏதாவது வடநாட்டுப் பெயரா என்று மட்டும் கேட்டாராம். மேல்முறையீடு ஆணையத்தில் இருக்கிறது. அதற்குக் குறிப்பு எண் கொடுத்திருக்கிறார்கள். சுரங்கம் இப்போது நன்றாக ஓடுகிறது. உற்பத்தி பூஜ்ஜியம் டன் என்று அர்த்தனாரி மாதாமாதம் வந்து எழுதிக்கொண்டு போகிறார். தினமும் காலையில் பட்டனை அழுத்தும்போது, என்னை அறியாமல் கதவுப் பக்கம் பார்த்துவிடுகிறேன்.

அரையாண்டு லீவுக்குக் காளியண்ணன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார், மேல்முறையீடு என்னாயிற்று என்று கேட்க. பிள்ளை வளர்ந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதே இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தது. கரண்ட் போய் வந்தது. நான் பட்டனை அழுத்தினேன்.

"அருணா. இணைக்கப்பட்டது."

நான் அவசரமாகத் திரும்பிக் கதவைப் பார்த்தேன். பிள்ளை கொய்யாவின் விதையை நாக்கால் துழாவி எடுத்துக்கொண்டிருந்தது. அது திரும்பவில்லை. நானே இன்னொரு முறை, "அருணா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அது சுவரில் இருந்த பெட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது.

"ஆஸ்டல்ல எல்லாரும் வேற பேரு சொல்லித்தானுங்கக்கா கூப்புடறாங்க. இப்ப ஊட்டுலயும் அருணான்னா திரும்பறதில்லீங்க" என்றார் காளியண்ணன். என் முகத்தைப் பார்க்காமல், மேல்முறையீட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"ஏழு, பஸ் வருது. வா கண்ணு" என்றார்.

பிள்ளை ஓடி வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.